கிழவியின் பங்கு

மச்சி,

வீட்டுப் பத்திரங்களைத் திரும்ப வைப்பதற்காக இன்று பின்னேரம் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெரிய பெட்டியை இழுத்துத் திறந்தேன். குவைத்துச் சவர்க்கார வாசம் குப்பென்று வந்து மூக்கில் அடித்தது. நான் ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பெட்டிக்குள் சவர்க்காரம் ஒன்றுகூட மிச்சமில்லை. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுத்துத் தீர்த்தாயிற்று. வாசம் மட்டும் பெட்டித் துணியில் ஏறி உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. அந்த வாசத்தோடு நீயும் வந்துவிட்டாய். தரையில் இருந்தபடியே கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு யாரோடாவது கதைக்க வேண்டும், உனக்குத் தெரியும்தானே. அதுதான் எழுதுகிறேன்.

நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் இரண்டு வருடம். அதற்குள் உன் மச்சாள், நான்தான், திருகோணமலையில் பெரிய பேர் எடுத்துவிட்டாள். கல்நெஞ்சுக்காரி. காசுப் பேய். பெற்ற பிள்ளையோடு பேரம் பேசினவள். மீன் வாங்கப் போகிற இடத்திலும் என்னைக் கண்டதும் கதை நின்றுவிடுகிறது. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய், ஏனென்றால் என்னைக் காசுப் பேய் ஆக்கியதில் பாதிப் பங்கு உன்னுடையது.

குவைத்தில் நாம் வேலை செய்த அந்த ஆஸ்பத்திரிச் சலவைக் கட்டடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது. நாள் முழுக்க ஆவியும், ஈரக் கட்டில் விரிப்பும், இரும்பு வண்டிலும். நீ மூதூர், நான் திருகோணமலை டவுன். ஊரில் இருந்த காலத்தில் உன் கரைக்கும் என் கரைக்கும் நடுவே குடாக்கடல் மட்டுமா கிடந்தது, இன்னும் எத்தனையோ கிடந்தது. அங்கே உன் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவே ஒரு சாண். முதல் மாதமே நீ என்னை எங்கள் ஆட்களின் சொல்லால் மச்சாள் என்றாய். நான் உன்னை உங்கள் ஆட்களின் சொல்லால் மச்சி என்றேன். பிறகு பதினான்கு வருடம் பெயர் சொல்லிக் கூப்பிடத் தேவையே வரவில்லை.

வெள்ளிக்கிழமைக் காலைகளில், லீவு நாளில், அறையிலிருந்த ஆறு பேருக்கும் காசுப் புத்தி சொன்னவள் நீ. சம்பளம் வந்த அன்றைக்கே முழுவதையும் அனுப்பாதே, நாணய விலையைப் பார்த்து அனுப்பு. அண்ணன் கணக்குக்கு அனுப்பாதே, உன் பெயரில் கணக்குத் திற. கல் வைத்த நகை வாங்காதே, விற்கும்போது கல்லுக்குக் காசு தரமாட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்ற நீ, சலவைப் பகுதிக் கணக்கரே வந்து யோசனை கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாய். அந்த மூன்று பங்குக் கதையும் ஒரு வெள்ளிக்கிழமைதான் தொடங்கியது. கடுதாசி உறை மூன்றை என் கட்டிலில் போட்டாய்.

"மூணு பங்கு மச்சாள். புள்ளைக்கு ஒண்டு, ஊட்டுக்கு ஒண்டு, கிழவிக்கு ஒண்டு."

"எந்தக் கிழவிக்கு?"

"உன்ட கிழவிக்குத்தான். அவ இப்ப எங்கயோ நடந்து வந்துக்கிட்டிருக்கா. அறுவது வயசில ஒரு நாளைக்கு வந்து வாசல்ல நிப்பா. முழங்கால் நோகுது, மருந்து வாங்கித் தா எண்டு கேப்பா. அவவ எங்க இருத்துவாய்?"

அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதன் பிறகு அறையில் அது ஒரு பழக்கமாகிவிட்டது. யாராவது வாசனைத் தைலம் வாங்கினால், "உன்ட கிழவி இண்டைக்குப் பட்டினி" என்பாய். நான் புதுக் கைத்தொலைபேசி வாங்கிய அன்று என் கிழவிக்காக இரண்டு வினாடி மௌனம் காக்கச் சொன்னாய். சிரித்துச் சிரித்தே அந்த மூன்றாவது உறையை நான் நிரப்பினேன். முதல் உறையிலிருந்து எடுத்தேன், இரண்டாவதிலிருந்தும் எடுத்தேன், மூன்றாவதைத் தொடவில்லை. நீ தொட்டாய்.

நம் கரையோரத்து வழக்கத்தை வெளியூர்க்காரர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். கோயிலுக்குப் போகிறவர்களானாலும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களானாலும் கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளை இல்லை. கொடுப்பதென்றால் சும்மா வாயால் அல்ல, பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போய் மகள் பெயருக்கு நன்கொடை உறுதி எழுத வேண்டும். உனக்கு மூன்று பெண்கள். அதனால் மூன்று வீடு. ஒவ்வொரு முறையும் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதுதான் கடைசி எக்ரிமென்ட்" என்று சொல்லுவாய். கடைசி எக்ரிமென்ட் எத்தனை என்று எண்ணுவதை நாங்கள் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டோம்.

மூத்தவளுக்கு எழுதிவிட்டு நீ லீவால் திரும்பி வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம். கையில் மருதோன்றி, பெட்டி நிறைய மஸ்கட் இனிப்பு. அறையின் நடுவே நின்று கதை சொன்னாய். நொத்தாரிசு உன்னிடம் கேட்டாராம், சீவிய உருத்து வைக்கவா என்று. அதாவது, வீடு மகளுக்கு. ஆனால் நீ உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்க உனக்கு உரிமை, உன்னை யாரும் எழும்பச் சொல்ல முடியாது. ஒரே ஒரு வரி.

"நான் என்ன சொன்ன தெரியுமா? பெத்த புள்ளையோட இருக்கிறத்துக்குக் கடுதாசி வேணுமா, வெக்கம் இல்லயா எண்டு கேட்ட. மனிசன் வாயப் பொத்திக்கிட்டு எழுதினார்."

ஆறு பேரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன், மச்சி. "அதுதானே!" என்று சத்தமாகச் சொன்னதும் நான்தான். கிழவிக்குக் காசு சேர்த்த நமக்கு, கிழவி எங்கே படுப்பாள் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்பது வெட்கம் என்று இரண்டு ஊரிலும் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

இரண்டாவது வீடும் அப்படியே போயிற்று. மூன்றாவதற்குக் காசு போதவில்லை. சீமெந்து விலை ஏறிக்கொண்டே இருந்தது, கடைக்குட்டிக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் மேல்மாடி கேட்டார்கள். நீ மூன்றாவது உறையைத் திறந்தாய். அது போதாமல், வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கிற சேர்விஸ் காசுக்காக வேலையையே விட்டாய். நான் கத்தினேன். நீ ஒற்றைக் கண்ணைச் சிமிட்டி, "கிழவியிட்டக் கைமாத்து வாங்கியிருக்கன். அவ நல்லவ, கேக்கமாட்டா" என்றாய். அந்தச் சிரிப்போடுதான் விமானம் ஏறினாய்.

நான் ஊருக்கு வந்து சேர்ந்து ஒரு வருடம் இருக்கும், ஒரு நாள் காலை பத்து மணிபோல நீ என் வாசலில் நின்றாய். கையில் துணிப்பை. சீனி வருத்தத்தால் கால் வீங்கியிருந்தது. உள்ளே வந்து கதிரையில் இருந்து, நான் ஊற்றிய தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் குடித்தாய். மூத்தவளின் வீட்டில் நாலு மாதம், நடுவிலாளின் வீட்டில் நாலு மாதம், கடைக்குட்டியிடம் நாலு மாதம் என்று முறை வைத்திருக்கிறார்கள் என்றாய். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயம் சொன்னாய். மூத்தவளின் வீட்டுப் பின்னறையில் உன் அபாயாவைக் கொழுவி வைக்கச் சுவரில் ஆணி ஒன்று அடிக்கச் சுத்தியல் கேட்டாயாம். "பொறுங்க உம்மா, அவரிட்டக் கேட்டுட்டு அடிப்பம்" என்றாளாம் மகள். அந்தச் சுவரின் ஒவ்வொரு கல்லுக்கும் நீ எந்த மாதத்துச் சம்பளம் அனுப்பினாய் என்று எனக்கே தெரியும்.

"மூணு ஊடு கட்டிப்போட்டன் மச்சாள். எந்த ஊட்டு வாசல்ல செருப்பக் கழட்டுற எண்டு தெரியல்ல."

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாய்: "நீ ஒருக்கா வந்து மூத்தவளிட்டக் கதைப்பியா? நான் கேட்டா அழுகை வருது. எனக்கு ஒரு அறைய எழுத்தில தரச்சொல்லி... நீ கதைச்சா அவ கேப்பா."

நான் சொன்ன பதிலை எழுத இப்போதும் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும். "அது உங்கட குடும்பக் கதை மச்சி. நான் வந்து என்னெண்டு கதைக்கிறது? வேற ஆக்கள் வந்து எங்கட வீட்டுக்குள்ள புகுறாங்கள் எண்டு உங்கட ஆக்கள் சொல்லுவினம்."

"ஓம், ஓம்," என்றாய். "அதுவும் சரிதான்."

அன்றைக்கு மத்தியானம் உன்னை பஸ் ஏற்றிவிட்டேன். மூன்று வருடம் கழித்து, நடுவிலாளின் வீட்டு முறையில் நீ மௌத்தானாய். செய்தி கேட்டு நான் வந்தபோது மூன்று பெண்களும் என்னைக் கட்டிப்பிடித்துக் கதறினார்கள். அது நடிப்பில்லை. உன் பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் இல்லை, மச்சி. எனக்குக் கோபம் அவர்கள் மேல் இல்லை. நல்ல பிள்ளைகள் இருக்கிற வீட்டிலேயே ஒரு ஆணிக்கு இடமில்லாமல் போகிறதே, அந்த ஒரு வரி இல்லாத உறுதிக் கடுதாசி மேல் கோபம். "அதுதானே!" என்று கத்திய என் வாய் மேல் கோபம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் ஒரே மகளுக்கு மாப்பிள்ளை பொருந்தி வந்தது. கிளிவெட்டிப் பொடியன், கட்டாரில் மின்சார வேலை. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற என் பிள்ளைக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவனுடைய தாய் வந்து பார்த்தா, வீட்டைச் சுற்றி நடந்தா, தண்ணீர்த் தாங்கியைக்கூடத் தட்டிப் பார்த்தா. கல்யாண எழுத்து முடிவதற்கு முதல் வீட்டு உறுதி மகள் பெயருக்கு மாற வேண்டும் என்றா. சரி என்றேன். நம் வழக்கம்தானே. என் ஒரு பிள்ளைக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுக்கப் போகிறேன்.

ஓர்ஸ் ஹில் மேட்டில் நொத்தாரிசின் கந்தோர். நானும் மகளும் மேசைக்கு ஒரு பக்கம், சம்மந்தியம்மா மறுபக்கம். நொத்தாரிசு எழுதி வைத்திருந்த பிரதியை வாசித்துக்கொண்டே வந்து, நான் போடச் சொன்ன சீவிய உருத்து என்ற இடத்துக்கு வந்ததும் சம்மந்தியம்மா கையை நீட்டி நிறுத்தினா.

"அதென்ன, வீட்டைத் தாறன் எண்டுபோட்டு ஒரு காலை உள்ளுக்க வைச்சிருக்கிறீங்கள்?"

"ரெண்டு காலையும்தான் வைச்சிருக்கிறன். நான் சாகுமட்டும்."

"உங்கட பிள்ளையில உங்களுக்கு நம்பிக்கை இல்லையோ?"

"பிள்ளையில நம்பிக்கை இருக்கு. கிழவி ஒருத்தி வந்துகொண்டிருக்கிறா, அவவுக்கு இருக்க இடம் வேணும்."

"ஆர் கிழவி? உங்கட தாய் இன்னும் இருக்கிறாவோ?"

நொத்தாரிசும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கிழவி நான்தான்" என்றேன். "இன்னும் கொஞ்ச வருசத்தில வந்திடுவன்." நீ அங்கே இருந்திருக்க வேண்டும். சம்மந்தியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினா. "இப்பிடியெண்டால் நாங்கள் யோசிக்கவேணும்," என்று நொத்தாரிசிடம்தான் சொன்னா, என்னிடம் அல்ல.

இறக்கத்தில் மகள் குடையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தாள். உள்துறைமுகத்தில் கப்பல் ஒன்று கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டுக்கு வந்து வாசல் கதவைச் சாத்தியதும் வெடித்தாள்.

"எல்லாருக்கும் முன்னால என்னை ஏன் அப்பிடி ஆக்கினீங்கள்? நான் உங்களைத் துரத்துவனோ அம்மா?"

"நீ துரத்தமாட்டாய். மச்சியின்ட பிள்ளையளும் துரத்தேல்ல."

அவள் குடையை மூலையில் எறிந்துவிட்டு அறைக்குள் போனாள். ஒன்பது நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டு மூடி வைப்பாள், தன் பாட்டுக்குப் போவாள். என் அக்கா தொலைபேசியில் அழுதா: "பேசாமல் எழுதிக் குடன், பிள்ளையின்ட வாழ்க்கையல்லோ." வங்கியில் என் பெயரில் கிடக்கிற சேர்விஸ் காசை உடைத்து மண்டபத்தைப் பெரிதாக எடுத்து மாப்பிள்ளை வீட்டாரைச் சமாதானப்படுத்தச் சொன்னவர்களும் உண்டு. மாதாமாதம் வருகிற அந்த வட்டியில்தான் நான் அரிசியும் மருந்தும் வாங்குகிறேன். உடைக்கமாட்டேன் என்றேன். ஒன்பது நாளும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பிள்ளையின் கல்யாணம் என்னால் குழம்பிவிட்டால் அவள் ஆயுளுக்கும் மன்னிக்கமாட்டாள். ஆனாலும் அந்த வரியை எடுக்கச் சொல்லி நொத்தாரிசுக்கு நான் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை கட்டாரிலிருந்து தொலைபேசி எடுத்தான்.

"அம்மா சொன்னதைப் பெரிசா எடுக்காதீங்கோ மாமி."

"தம்பி, அங்க போய் எத்தினை வருசம்?"

"ஒன்பது."

"உம்மட பேரில என்ன இருக்கு?"

"என்ட அக்காவுக்கு ஒரு வீடு கட்டி முடிச்சன் மாமி," என்றான். எத்தனை சதுர அடி, எத்தனை அறை என்றெல்லாம் பெருமையாகச் சொன்னான். மூன்று உறைக் கதையை அவனுக்குச் சொன்னேன். சிரித்தான். பிறகு, கிழவனுக்கும் ஒரு உறை உண்டோ என்று கேட்டான். உண்டு, இன்றைக்கே தொடங்கும் என்றேன்.

இன்று காலை முதல் பஸ்ஸில் அவனுடைய தாய் தனியாக வந்து இறங்கினா. மகள் பாடசாலைக்குப் போயிருந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறா என்று நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவ கதிரையின் நுனியில் இருந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தா.

"அண்டைக்கு நொத்தாரிசு வாசிச்சாரே, அந்தச் சொல். அதை எழுதி முடிஞ்ச உறுதியில பிறகு போட ஏலுமோ?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. "என்ட உறுதி இன்னும் எழுதி முடியேல்லையே" என்றேன்.

"உங்கட உறுதியைக் கேக்கேல்ல."

பிறகுதான் விளங்கியது. மகன் அனுப்பின காசில் கட்டின வீட்டை, தன் காணியோடு சேர்த்து மகளுக்கு எழுதி நாலு வருடமாம். மருமகன் நல்லவராம். முன்னறையைக் கடைக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு இவவைப் பின்னால் நெல் மூட்டை அடுக்குகிற அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். மூட்டைக்குப் பக்கத்தில் பாய். அறுவடை வந்தால் பாய்க்கும் இடமில்லை. மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வீடு மகன் பக்கம் வந்தால் தனக்கும் இதில் ஒரு மூலை கிடைக்கும் என்றுதான் உறுதியை அப்படி நெருக்கிக் கேட்டிருக்கிறா. நான் பெட்டியிலிருந்து பிரதியை எடுத்து வந்து அந்த வரியைக் காட்டினேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தா.

"ஏலாது," என்றேன். வேறு எப்படிச் சொல்வது? "எழுதினது எழுதினதுதான். உங்கட மகள் விரும்பினால்தான் புது உறுதி எழுதி உங்களுக்கு அந்த உரிமையைத் தரலாம். மகளிட்டத்தான் கேக்கவேணும்."

"மகளிட்ட நான் அதை என்னெண்டு கேக்கிறது?"

மச்சி, அந்தக் குரல் உன் குரல். அதே மாதிரி என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்து. இந்தப் பொம்பிளையால் என் பிள்ளை ஒன்பது நாள் என்னோடு கதைக்கவில்லை. இவவுக்கு நான் ஏன் இரங்க வேண்டும்? ஆனால் வாய் எனக்கு முதல் கதைத்துவிட்டது.

"நாளைக்கு நான் வாறன். நான் கேக்கிறன்."

"நீங்களோ? நீங்கள் வேற ஆக்கள். இன்னும் சம்மந்தம்கூட முடியேல்ல."

"சம்மந்தம் முடிஞ்சாலும் முடியாட்டாலும் வாறன்."

போகும்போது வாசல் படலையடியில் நின்று என் கையைப் பிடித்தா. "உங்கட உறுதியில இருக்கிறதை எடுக்காதீங்கோ. ஆர் சொன்னாலும் எடுக்காதீங்கோ. நான் சொன்னாலும்."

மகள் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் பச்சைச் சேலையை எடுத்து இஸ்திரிக்கை போடத் தொடங்கினாள். "அங்க போய்க் கத்தாதீங்கோ அம்மா," என்றாள். பத்தாம் நாள் வந்த முதல் வார்த்தை அது.

நாளைக் காலை பஸ் பாலத்தைத் தாண்டி உன் ஊருக்குள்ளால்தான் கிளிவெட்டிக்குப் போகும். உன் மூத்த மகளின் வீட்டு மதில் ரோட்டிலிருந்தே தெரியும். நான் மற்றப் பக்கம் திரும்பமாட்டேன், பார்த்துக்கொண்டேதான் போவேன். கதைக்க வேண்டிய இடத்தில் ஊருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த வெட்கம் என் பெயரில்தான் இருக்கிறது. அதை யார் பெயருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. மகள் சொல்கிறாள், கத்தாதே என்று. நான் கத்தத்தான் போகிறேன், மச்சி. பிந்தித்தான், வேறொருத்திக்காகத்தான். ஆனால் கத்துவேன்.